ஏழாம் சதுரம்

ஏப்ரல் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

போனில் பேசினால் உன் வலது காது கேட்டதை இடது காதிடம் சொல்வதற்குள் லைன் போய்விடுகிறது. அதனால்தான் கடிதம். அதோடு, நான் கேட்கப்போகும் பொருளை போனில் அனுப்ப முடியாது.

இங்கே வந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. மூன்று மாடி முழுக்க இரும்பு அலமாரி, அலமாரி முழுக்க தாளில் ஒட்டிய காய்ந்த செடி, கட்டடம் முழுக்க பூச்சி உருண்டை வாசனை. என் மேஜை நாற்பதாம் அலமாரிக்கும் நாற்பத்தொன்றுக்கும் நடுவில் இருக்கிறது. நம் ஊர்ச் சரிவில் முளைக்கிற செடியின் சொந்தபந்தம் அத்தனையையும் ஒரே நூலில் அடக்குகிற வேலை முடிந்தே விட்டது. மொத்தம் அறுபத்து மூன்று இனம். அறுபத்திரண்டுக்கு யார் யாரோ எப்போதோ பெயர் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அறுபத்து மூன்றாவது ஒன்றுதான் நான் வைத்தது. அது உன்னுடையது.

ஓவியர் அம்மா ஒருவர் எல்லாச் செடியையும் வரைகிறார். காய்ந்த இலையைக் கொடுத்தால் மூஞ்சியைச் சுளிக்கிறார். "இது எப்படி வளையும், எப்படிப் படுத்திருக்கும்னு எனக்குத் தெரிய வேணாமா?" என்று கேட்கிறார். நியாயம்தான். அதனால் நீ ஒருநாள் சரிவுக்குப் போய், ஏழாம் சதுரத்திலிருந்து பத்து இலையும் பூவோடு இரண்டு தண்டும் பறித்து, செய்தித்தாளில் வைத்து, அன்றைக்கே தபாலில் போடு. இப்போதுதான் பூக்கிற சமயம்.

செடி எண்ணுவதற்காக நான் முளையடித்து வைத்த பன்னிரண்டு சதுரத்தில் எது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாதை முடிகிற இடம், நாலு இரும்பு முளை, தகரத்தில் ஏழு, பக்கத்தில் "அரிய செடி, மிதிக்காதீர்" என்ற பலகை. அந்தப் பலகை உனக்காக வைத்தது மாதிரியே எனக்கு எப்போதும் தோன்றும்.

ஜூலைக் கடைசியில் நூல் அச்சுக்குப் போகிறது. அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை

*

ஏப்ரல் 12

அன்புள்ள புல்லுக்கு,

ஐம்பத்தாறு வயதாகிறது, நரைத்தும் விட்டது, இன்னும் புல்லு என்று கூப்பிடலாமா என்று உன் அண்ணி கேட்கிறாள். பள்ளிக்கூடப் பையில் புத்தகத்துக்குப் பதில் புல்லைத் திணித்துக்கொண்டு வந்தவளை வேறு எப்படிக் கூப்பிடுவதாம்?

கேட்டதை அனுப்பியிருக்கிறேன். பத்து கேட்டாய், பதினொன்று வைத்திருக்கிறேன். எப்போதுமே துணி ஒரு விரற்கடை கூட விட்டுத்தான் வெட்டுவேன், தெரியும்தானே.

நவம்பரிலிருந்து முட்டி சரியில்லை. சைக்கிள் ஏறக் கூடாது, மேடு ஏறக் கூடாது, தையல் மிஷினையும் மோட்டார் போட்டுத்தான் ஓட்ட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் இந்த வருடம் அந்தப் பக்கமே போகவில்லை. நீ எழுதினதால் உன் அண்ணியின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து போனேன். பள்ளத்துக்குப் பள்ளம் "பிடிச்சுக்குங்க, பிடிச்சுக்குங்க" என்று அவள் கத்த, நான் பிடித்துக்கொண்டு உட்கார, பாதையில் போனவர்கள் எல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

செடி கொஞ்சம் வாடலாகத்தான் இருக்கிறது. வெயில் அப்படி.

பெயர் வைத்தபோது நீ அனுப்பிய, செடிப் படம் போட்ட அந்த அச்சுப் பக்கத்தைக் கடையில் கண்ணாடி போட்டு, அளவு எடுக்கிற இடத்துக்கு நேர் எதிரே மாட்டியிருப்பது உனக்குத் தெரியும். சட்டைக்கு அளவு கொடுக்க நிற்கிறவர்கள் வேறு எங்கே பார்ப்பார்கள்? "இது என்ன செடிங்க?" என்று கேட்பார்கள். "என் பேர்ல உள்ள செடிங்க. சார்ட்டோரிஸ்னா லத்தீன்ல தையற்காரருடையதுன்னு அர்த்தம். தங்கச்சி கண்டுபிடிச்சது" என்பேன். பதினோரு வருடமாகச் சொல்கிறேன், இன்னும் அலுக்கவில்லை. நூல் வந்ததும் எனக்கு ஒரு பிரதி தனியாக வேண்டும்.

அண்ணன்

*

ஏப்ரல் 20

அண்ணா,

உன்னிடம் ஒரே ஒரு வேலை சொன்னேன். ஒன்றே ஒன்று.

நீ அனுப்பியது எட்டாம் சதுரத்து இலை. அகலம் கட்டை விரல் நகம் அளவுகூட இல்லை, மேலெல்லாம் சொரசொரவென்று முடி, தண்டுக்கு ஒரு பூ. இது சரிவு முழுக்கக் கிடக்கிற சாதாரணச் செடி, நூலில் நாற்பத்தெட்டாவது. நான் கேட்டது அறுபத்து மூன்றாவதை. இரண்டு விரல் அகலம், வழவழப்பு, தண்டுக்கு இரண்டு பூ. உன் கடையில் பதினோரு வருடமாகக் கண்ணாடிக்குள் தொங்குகிறதே, அதையாவது ஒருமுறை பார்த்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

ஓவியர் அம்மா பெட்டியைப் பிரித்துவிட்டு, "இதுதான் நாற்பத்தெட்டுல வரைஞ்சாச்சே" என்று சொல்லி எழுந்து போய்விட்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. என் வாழ்நாளில் நான் பெயர் வைத்த ஒரே செடியை என் சொந்த அண்ணனே அடையாளம் தெரியாமல் விட்டால் நான் யாரிடம் போய்ச் சொல்வது?

பேச்சு சுவாரசியத்தில் தள்ளி நின்றிருப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா. மறுபடி போ. தகரத்தில் எண்ணைப் படித்துவிட்டுக் கை வை.

தங்கை

*

ஏப்ரல் 28

தங்கைக்கு,

நாற்பத்திரண்டு வருடமாகக் கத்தரி பிடிக்கிறேன். தோள் அளவைக் கைக்கு எழுதினான், இடுப்பு அளவை மார்புக்கு எழுதினான் என்று இதுவரை ஒருவர், ஒரே ஒருவர், என்னை வந்து கேட்டதில்லை. ஏழையும் எட்டையும் குழப்புகிற ஆளா நான்?

இந்தத் தடவை நீ வாயே திறக்க முடியாதபடி அனுப்புகிறேன். ஏழாம் சதுரத்தின் நாலு முளைப் பக்கத்திலிருந்தும் மூன்று மூன்று இலை, நடுவிலிருந்து மூன்று, மொத்தம் பதினைந்து. வெள்ளைத் துணிப்பட்டியில் காம்பைப் பிடித்து ஒவ்வொன்றாக நூல் போட்டுத் தைத்திருக்கிறேன். எந்த மூலை என்று பக்கத்தில் சிவப்பு நூலால் எழுதியிருக்கிறேன். முளையில் தொங்கின தகரத்தையும் கழற்றி உள்ளே வைத்திருக்கிறேன். அதில் என்ன எண் என்று நீயே படித்துக்கொள்.

மூட்டு வலியோடு இரண்டாம் தடவை போய் வந்திருக்கிறேன். வேறொன்றும் சொல்வதற்கில்லை.

அண்ணன்

அண்ணி எழுதுவது: புல்லு, நானும் கூடவே நின்னேன். அது ஏழுதான். இவர் ரெண்டு நாளா சாப்பாட்டுத் தட்டு முன்னாடி உம்முன்னு உக்காந்திருக்கார். நல்லதா நாலு வார்த்தை எழுதிப் போடு.

*

மே 5

அன்புள்ள அண்ணாவுக்கு,

முதலில் மன்னிப்பு. தெரியாமல் கத்திவிட்டேன். தகரத்தில் ஏழு என்று நானே படித்துக்கொண்டேன். அந்தத் துணிப்பட்டியை ஓவியர் அம்மா கையிலிருந்து கீழே வைக்கவே இல்லை. "இவ்வளவு அழகா யாரும் எனக்கு இலை அனுப்பினதில்லை" என்றார்.

ஆனால் அண்ணா, ஒன்று இடிக்கிறது. பதினைந்து இலையையும் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டு சாதாரணச் செடியின் இலையேதான். மூன்று மட்டும் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கொஞ்சம் அகலம், முடி குறைவு. ஒரு இனம் நடுவில் நிற்கக் கூடாது. நின்றால் அது இனமே இல்லை.

உனக்கு ஒரு கதை சொல்ல வேண்டும், இதுவரை சொன்னதில்லை. ஒன்பது வருடம் முன்பு ஒரு கூட்டத்தில் நான் இந்தச் செடியைப் பற்றிப் பேசினேன். உலகத்திலேயே இரண்டு மீட்டர் சதுரத்தில் மட்டும் வாழ்கிற இனம், அங்கே மண் வேறு மாதிரி என்று விளக்கினேன். ஒரு ஆள் எழுந்தார். எங்களுக்குள் அவருக்கு மீசை என்று பெயர். "அந்தச் சதுரத்துக்கு மட்டும் எங்கிருந்தாவது தண்ணி வருதா, பாத்தீங்களா?" என்று கேட்டார். நான், "அந்தச் சரிவுல எந்தக் கல்லுக்கு அடியில எந்த எறும்பு இருக்குன்னுகூட எனக்குத் தெரியும். நீங்க வேணும்னா ஒரு வாளி எடுத்துட்டு வந்து ஊத்துங்க" என்றேன். மொத்தக் கூட்டமும் சிரித்தது. அந்த மனிதர் முகம் சிவந்து உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து பேச்சு இல்லை. இப்போது அவருக்கும் இதே கட்டடத்தில்தான் அறை, என் அறைக்கு மூன்று கதவு தள்ளி. மாடிப்படியில் எதிரே வந்தால் நான் கைப்பையைக் கிளறுவேன், அவர் ஜன்னலைப் பார்ப்பார்.

அதனால் கேட்கிறேன். இந்த வருடம் ஏழாம் சதுரத்தில் ஏதாவது மாறியிருக்கிறதா? யாராவது தோண்டினார்களா, மேலே ஏதாவது வெட்டினார்களா, ஆடு மேய்ந்ததா? உனக்குத் தெரிந்ததை அப்படியே எழுது. இந்த ஒரு செடி இல்லாவிட்டால், முப்பது வருடத்தில் நான் மற்றவர்கள் வைத்த பெயர்களை அடுக்கி வைத்தேன், அவ்வளவுதான்.

தங்கை

*

மே 22

அன்புள்ள புல்லுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாயிற்று. தினமும் பேனாவை எடுப்பேன், ஒரு பொத்தானுக்குக் காஜா போட வேண்டியிருக்கும், வைத்துவிடுவேன். நேற்று உன் அண்ணி, "இப்ப எழுதறீங்களா, நான் எழுதட்டுமா?" என்று கேட்டுவிட்டாள். அவளுக்கு எல்லாம் தெரியும்.

யாரும் தோண்டவில்லை, வெட்டவில்லை. ஆடும் வரவில்லை. இந்த வருடம் மாறினது ஒன்றே ஒன்றுதான். நான் தண்ணீர் ஊற்றவில்லை.

பதினாலு வருடம் முன்பு அந்தப் பெரிய வறட்சி வந்ததே, நினைவிருக்கிறதா? நீ சரிவிலிருந்து இறங்கி நேராகக் கடைக்கு வந்து, வெட்டும் மேஜை மேல் தலையை வைத்து, "எல்லாம் கருகிப்போச்சுண்ணா, இதுவும் போச்சுன்னா நான் எதை எண்ணுவேன்?" என்று ஒரு பாட்டம் அழுதாய். மறுநாள் வேலைக்குத் திரும்பிப் போய்விட்டாய். எனக்கு மனசு கேட்கவில்லை. கடைக்குப் புதன்கிழமை விடுமுறை. சைக்கிளில் பக்கத்துக்கு ஒன்றாகப் பத்து லிட்டர் கேன் இரண்டு கட்டிக்கொண்டு போனேன். பாதை முடிகிற இடத்தில் ஏழு இருந்தது. அதற்கு மேல் சைக்கிள் ஏறாது. இருந்ததை எல்லாம் அதற்கே ஊற்றினேன். பன்னிரண்டில் ஒன்றாவது பிழைக்கட்டுமே என்றுதான். மழை வரும் வரை புதனுக்குப் புதன் போனேன்.

அடுத்த தடவை நீ வந்து, "அண்ணா, ஏழாம் சதுரம் தானாவே பிழைச்சிடுச்சு!" என்று குதித்தாய். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். உன் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. அடுத்த வருடமும் வெயில் வந்தது, விட்டால் செத்துவிடுமோ என்று மறுபடி ஊற்றினேன். நீ வருவதற்கு ஒரு வாரம் முன்பு நிறுத்திவிடுவேன், மண் காய்ந்துவிடும். மூன்றாம் வருடம் நீ வந்து அது புது இனம் என்றாய், என் பெயரையும் வைத்தாய். அதற்குப் பிறகு நான் எப்படிச் சொல்வேன், சொல்லு? இலை அகலமாவது தண்ணீரால் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. அது அப்படிப்பட்ட செடி என்று நீதானே சொன்னாய், நீ படித்தவள். உன் போன கடிதத்தில் அந்த மீசைக்காரர் கேட்ட கேள்வியைப் படித்ததும்தான் எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு போனது வேறு யாருமில்லை, நான்தான்.

கடையில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். அந்த இடத்தில் சுவர் மட்டும் சதுரமாக வெளுத்திருக்கிறது.

திட்டு. நன்றாகத் திட்டு. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

அண்ணன்

*

மே 30

அண்ணா,

கடிதம் கிடைத்தது. இப்போது என்ன எழுதினாலும் பிறகு வருத்தப்படுவேன். கொஞ்ச நாள் எழுதாதே.

*

ஜூன் 16

அன்புள்ள புல்லுக்கு,

எழுதாதே என்றாய். எழுதவில்லை. இது பார்சலோடு வைக்கும் சீட்டு, கடிதம் இல்லை.

உள்ளே இருப்பது என் அளவு நோட்டுகள், பதினாலு. வருடத்துக்கு ஒன்று. முன்பக்கம் எல்லாம் ஊர்க்காரர்களின் தோளும் இடுப்பும், அதை விட்டுவிடு. கடைசிப் பக்கத்தைத் திருப்பு. "ஏழு" என்று மேலே எழுதியிருக்கும். எந்தத் தேதி போனேன், எத்தனை கேன் ஊற்றினேன் எல்லாம் இருக்கிறது. போகிற அன்றெல்லாம் ஒரு இலைக்கு டேப் வைத்து அகலம் எடுத்திருக்கிறேன். ஏன் என்று கேட்காதே. கண் முன்னால் ஒன்று நின்றால் அளவு எடுக்காமல் என் கை சும்மா இருக்காது.

ஆறாவது நோட்டைப் பார். அந்த வருடம் உன் அண்ணிக்கு ஆபரேஷன், நான் எங்கேயும் போகவில்லை. நீயும் வெளியூரில் இருந்தாய், வரவில்லை. கடைசியில் ஒருநாள் மட்டும் போய், "தண்ணி இல்ல. இலை ஒல்லி, கால் இஞ்ச்" என்று எழுதியிருக்கிறேன். எழுதினவன் யோசிக்கவில்லை, பார்த்தாயா.

உனக்கு உதவுமா என்று தெரியாது. வேண்டாம் என்றால் அடுப்பில் போட்டுவிடு. ஆனால் போன வருட நோட்டை மட்டும் திருப்பி அனுப்பு. பழைய வாடிக்கையாளர்கள் பாதிப் பேரின் அளவு அதில்தான் இருக்கிறது.

அண்ணி எழுதுவது: நான் மொதல் வருஷமே சொன்னேன், அவகிட்ட சொல்லிடுங்கன்னு. என் பேச்சை எந்தக் காதுல வாங்கறார்?

*

ஜூலை 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

தண்ணீர் ஊற்றியதைச் சொன்ன உன் கடிதத்தைப் படித்த அன்று, நாற்பதாம் அலமாரிக்குப் பின்னால் நின்று அழுதேன். உன் மேல் எரிச்சல், என் மேல் அதைவிட எரிச்சல். பதினோரு வருடமாக அந்தச் செடியை மண்ணோடு கொண்டுபோய் வேறு இடத்தில் வளர்த்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எடுத்தால் செத்துவிடுமோ என்று பயந்தேன். உனக்கும் எனக்கும் ஒரே வியாதிதான் போலிருக்கிறது.

சும்மா விட்டால் இதை ஒருவருக்கும் தெரியாமல் மூடிவிடலாம். நூலில் அந்தப் பக்கம் அப்படியே போகும், ஓவியர் அம்மா பழைய தாளைப் பார்த்து வரைவார், ஏழாம் சதுரம் வறட்சியில் மாறிவிட்டது என்று ஒரு வரி எழுதினால் போதும். மூன்று நாள் அந்த வரியை எழுதி எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. அப்போதுதான் உன் பார்சல் வந்தது.

நோட்டுகளைப் பிரித்தேன். அண்ணா, நீ என்ன செய்து வைத்திருக்கிறாய் என்று உனக்குத் தெரியுமா? பதின்மூன்று வருடத் தண்ணீர், பதின்மூன்று வருட இலை அகலம், நடுவில் ஒரு வருடம் தண்ணீர் இல்லாமல். இதைச் செய்ய நான் அனுமதி கேட்டிருந்தால் ஒரு ஆளும் கொடுத்திருக்க மாட்டான்.

நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மூன்று கதவு தள்ளிப் போய்த் தட்டினேன். மீசை நிமிர்ந்து பார்த்தார். மீசையை எடுத்து ஐந்து வருடம் ஆகிறது, பெயர் மட்டும் போகவில்லை. உட்காரக்கூட இல்லை நான். "நீங்க கேட்டது சரிதான். தண்ணி வந்துச்சு. எங்கண்ணன் ஊத்தியிருக்கார். அன்னைக்கு உங்களை அத்தனை பேர் முன்னாடி அப்படிப் பேசினதுக்கு மன்னிச்சிடுங்க" என்றேன்.

அவர் சிரிப்பார், இல்லாவிட்டால் கதவைச் சாத்துவார் என்று நினைத்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "எத்தனை லிட்டர்?"

பிறகு இரண்டு பேரும் சாயங்காலம் வரை உன் நோட்டைப் படித்தோம். உன் கையெழுத்தில் ஏழும் ஒன்றும் ஒரே மாதிரி இருக்கிறது என்று சண்டை போட்டோம். நடுவில் அவர் ஒரு பக்கத்தை நிறுத்தி, "இந்த நாற்பத்தாறு யாரு, இடுப்பா?" என்று கேட்டார். அப்போதுதான் நான் முதல்முதலாகச் சிரித்தேன்.

ஐந்து வருடம் முன்பு ஏழாம் சதுரத்தில் எடுத்த விதை என்னிடம் ஒரு உறை இருக்கிறது. அவருடைய கண்ணாடி வீட்டில் இரண்டு தட்டில் விதைத்திருக்கிறோம். ஒன்றுக்கு நிறையத் தண்ணீர், இன்னொன்றுக்குக் கொஞ்சம். பதிப்பகத்துக்கு எழுதி நூலை ஆறு மாதம் தள்ளி வைத்துவிட்டேன்.

கோபம் போய்விட்டதா என்று கேட்பாய். முக்கால்வாசி போய்விட்டது.

உன் தங்கை

போன வருட நோட்டு தனியாக வருகிறது. யாருடைய சட்டையும் என்னால் கெட வேண்டாம்.

*

அக்டோபர் 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

தட்டுகள் பதில் சொல்லிவிட்டன. ஒரே உறையில் இருந்த விதை. தண்ணீர் கண்ட தட்டில் அத்தனையும் இரண்டு விரல் அகலம், வழவழப்பு. காய்ந்த தட்டில் அத்தனையும் சின்ன இலை, மேலெல்லாம் முடி. நடுவில் நிற்கிறதும் இல்லை, சந்தேகமும் இல்லை. ஒரே செடிதான். தண்ணீர் இல்லாதபோது போர்த்திக்கொள்கிறது, கிடைத்தால் போர்வையை எடுத்துவிடுகிறது. இவ்வளவு தூரம் ஒரு செடி மாறும் என்று இந்தச் செடிக் குடும்பத்தில் யாரும் காட்டியதில்லை. மீசையும் நானும் சேர்ந்து கட்டுரை எழுதுகிறோம். தண்ணீர் ஊற்றியதும் அளந்ததும் யார் என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறோம். ஊற்றியது என்னிடம் சொல்லாமல் என்பதையும் எழுதியிருக்கிறோம். அதை மறைக்க முடியாது, நீயும் மறைக்கச் சொல்ல மாட்டாய்.

அறுபத்து மூன்றாவது இனம் இனி இல்லை. என் கையால் நானே கோடு போட்டு அடித்தேன். நூலில் அறுபத்திரண்டுதான். அடிக்கும்போது வலித்தது, பொய் சொல்லவில்லை. அடித்த பிறகு அன்று மத்தியானம் மேஜையிலேயே தலை வைத்து நன்றாகத் தூங்கினேன். பல மாதம் கழித்து அப்படித் தூங்கினேன்.

ஆனால் எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு, உனக்குத் தெரியாது. ஒருமுறை அச்சில் வந்த பெயரை யாராலும் அழிக்க முடியாது. தப்பென்று ஆனாலும் சரியான பெயருக்குக் கீழே, சின்ன எழுத்தில், அதுவும் நின்றுகொண்டேதான் இருக்கும். இனி இந்தச் செடியைப் பற்றி எழுதுகிற ஒவ்வொருவரும் நாற்பத்தெட்டாம் பெயரை எழுதி, அதன் அடியில் சார்ட்டோரிஸ் என்றும் எழுதியாக வேண்டும். நூறு வருடம் ஆனாலும் எழுதியாக வேண்டும். அந்தப் பக்கத்தின் அச்சுப் படியை இதோடு வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. ஒரு சதுரம் போதாது என்கிறார் மீசை. எனக்கும் அதுதான் தோன்றுகிறது. வருகிற ஜனவரியிலிருந்து கோடை முடியும் வரை ஆறுக்கும் ஏழுக்கும் தண்ணீர் ஊற்ற வேண்டும், வாரம் ஒருமுறை, சதுரத்துக்குச் சரியாக ஒன்பது லிட்டர். எட்டுக்கும் ஒன்பதுக்கும் கண்டிப்பாகக் கூடாது. வேறு யாரையாவது ஏற்பாடு செய்யலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு, இந்த உலகத்தில் அந்தச் சரிவுக்குத் தண்ணீர் ஊற்றிப் பதின்மூன்று வருட அனுபவம் உள்ளவர் ஒருவர்தானே என்று நினைத்தேன். அனுமதிச் சீட்டும் வாங்கியாயிற்று, இனி நீ பலகையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். முட்டி எப்படி இருக்கிறது? அண்ணி மொபெட் தருவார்களா?

உன் தங்கை

*

ஜனவரி 9

அன்புள்ள புல்லுக்கு,

அச்சுப் படியைக் கண்ணாடி போட்டு அதே இடத்தில் மாட்டிவிட்டேன். பழையதைவிடக் கொஞ்சம் சின்னது, சுற்றிலும் சுவரின் வெளுப்பு தெரிகிறது. யாராவது கேட்டால் அடியில் இருக்கிற சின்ன எழுத்தைத்தான் விரல் வைத்துக் காட்டுகிறேன். "மேல இருக்கறது செடியோட பேரு, கீழ இருக்கறது என் பேரு" என்கிறேன். தைக்கும்போது உள்ளே கொஞ்சம் துணி மடித்து விடுவோம், வெளியே தெரியாது, சட்டை அதில்தான் நிற்கும். எனக்கு அது போதும்.

நேற்று புதன்கிழமை, முதல் நாள். மொபெட்டை உன் அண்ணி ஓட்டினாள், முன்னால் இரண்டு கேன், பின்னால் நான். பாதை முடிகிற இடத்தில் இறங்கி, தடியை ஊன்றி, ஏழுக்கு ஒன்பது லிட்டர் அளந்து ஊற்றினேன். அப்புறம் ஆறுக்கு. ஒவ்வொரு சதுரத்திலும் பத்து இலைக்கு டேப் வைத்தேன், உன் அண்ணி எழுதினாள். ஊற்றாத இரண்டுக்கும் அப்படியே.

கேனுக்கு ஒரு லிட்டராக இரண்டு லிட்டர் மிஞ்சியது. எட்டாம் சதுரம் பக்கத்திலேயே இருக்கிறது. வெயிலில் இலை எல்லாம் சுருண்டு, தலை தொங்கிப்போய் நிற்கிறது. நான் கேனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. உன் அண்ணி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வேணாங்க. அவ நம்மள நம்பித்தான் குடுத்திருக்கா" என்றாள்.

நோட்டில் எழுதியதை அப்படியே இங்கே எழுதுகிறேன். "ஜனவரி 8, புதன். ஆறு: ஒன்பது லிட்டர். ஏழு: ஒன்பது லிட்டர். எட்டு: இல்லை. ஒன்பது: இல்லை. மிச்சம் இரண்டு லிட்டர். நானும் அவளும் ஆளுக்கு ஒரு லிட்டர் அங்கேயே நின்று குடித்துவிட்டோம்."

அண்ணன்